இக்ரீத்திஷ்: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு முன்னுரை

எம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் ஐரோப்பிய நகரமொன்றில் பணியாற்றி வருகிறார். அண்மையில் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. குடும்பத்துடன் கிரேக்கத் தீவு ஒன்றுக்குச் சென்றுவர எண்ணியிருப்பதாகவும், கையில் மூன்று நாட்களே இருப்பதாகவும், எந்தத் தீவைத் தேர்ந்தால் பிள்ளைகளின் கண்ணுக்கும் கருத்துக்கும் பயன் கிட்டும் என்றும் அதில் வினவியிருந்தார். கூடவே, "ஹஸ்ரத், நம்முடையது என்று சொல்லிக்கொள்ள அங்கே ஏதேனும் இருக்கிறதா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்.

நாம் அத்தீவுகளில் எதையும் கண்ணால் கண்டோமல்லோம். ஆயினும் அவற்றுள் ஒன்றன் பெயர் நாம் ஓதிய கிதாபுகளின் வழியாக நெடுநாளாக எமக்கு அறிமுகமானது. பலாதுரீ (இறப்பு ஹி. 279) அவர்களின் ‘ஃபுதூஹுல் புல்தா’னிலும், யாகூத் அல்ஹமவீ (இறப்பு ஹி. 626) அவர்களின் ‘முஃஜமுல் புல்தா’னிலும் ‘இக்ரீத்திஷ்’ எனக் குறிக்கப்படும் தீவு அது. இன்றைய வரைபடத்தில் அதன் பெயர் கிரீட். கிரேக்கத் தீவுகளுள் பெரியது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தீவையே மாணவருக்குப் பரிந்துரைத்தோம். "நம்முடையதா?" என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் விடை எழுத இயலவில்லை. அதற்கென எழுதத் தொடங்கிய குறிப்பே இக்கட்டுரையாக விரிந்தது.

பயண ஏற்பாடு

முதலில் நடைமுறைச் செய்திகள். ஏதென்ஸ் மாநகரிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கிரீட்டை அடையலாம். பிராயஸ் துறைமுகத்தில் இரவு கப்பலேறினால் விடியற்காலையில் ஹெராக்லியோன் துறைமுகத்தில் இறங்கலாம். இரண்டாம் வழியையே நாம் விரும்புவோம். கடல்வழி வந்தோரின் வரலாற்றைக் காணச் செல்பவர் கடல்வழியே சென்று இறங்குவது பொருத்தமன்றோ? கோடையில் வெயிலும் கூட்டமும் மிகுதி. ஏப்ரல், மே மாதங்களோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களோ ஏற்றவை.

பார்க்க வேண்டிய மூன்று பழைய நகரங்களும் வடகரையில் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன. ஹெராக்லியோனிலிருந்து மேற்கே ரெதிம்னோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கிருந்து ஹானியா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நகரத்துக்கு ஒரு நாள் என வகுத்துக்கொண்டால் மூன்று நாட்கள் போதும். பேருந்து வசதி உண்டு.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. மீனும், ஒலிவ எண்ணெயில் சமைத்த காய்கறியும் பருப்பும் அத்தீவின் அன்றாட உணவு. பார்லி ரொட்டியின் மீது தக்காளியும் பாலாடைக்கட்டியும் இட்டுத் தரும் ‘தாகோஸ்’ எளியது, சுவையானது என்பர். தொழுகையில், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்களுக்குக் குறைவாகத் தங்குவதால் கஸ்ரும் ஜம்உம் செய்யலாம். ஹனஃபீ மத்ஹபினர் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்குவதால் கஸ்ர் செய்வர், ஜம்உ செய்யார். கிப்லா தென்கிழக்கே அமையும்.

முதல் நாள்: அகழியின் நகரம்

ஹெராக்லியோன் நகரின் நடுவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெருக்களுள் ஒன்றுக்கு ‘ஹந்தகோஸ்’ என்று பெயர். அரபு அறிந்தவர் அப்பெயர்ப் பலகையின் முன் சற்று நிற்பார். அது ‘கந்தக்’ என்னும் சொல்லின் கிரேக்க வடிவம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்து அகழ்ப்போரினால் நம் சிறார்களும் அறிந்த அதே சொல்தான். இந்நகரைத் தோற்றுவித்த அரபியர் அதனைச் சுற்றி அகழி வெட்டி, ‘ரபளுல் கந்தக்’ என அழைத்தனர். கிரேக்கர் நாவில் அது ‘ஹந்தக்ஸ்’ ஆயிற்று. வெனிஸ் நகரத்தார் நாவில் ‘கந்தியா’ ஆயிற்று. பல நூற்றாண்டுகள் தீவு முழுமைக்குமே ஐரோப்பாவில் ‘கந்தியா’ என்ற பெயர் வழங்கியது. ஹெராக்லியோன் என்னும் பண்டைப் பெயர் மீண்டது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அகழி வெட்டியவர்கள் யார்? அவர்கள் எந்தக் கலீஃபாவும் அனுப்பிய படையினர் அல்லர், ஊரிழந்த மக்கள். உந்துலுஸின் தலைநகரான குர்துபாவில் ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த புறநகருக்கு ‘ரபள்’ என்று பெயர். ஹி. 202இல் (கி.பி. 818) அமீர் முதலாம் ஹகமுக்கு எதிராக அப்புறநகர் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வரிச்சுமையும் அரசனின் போக்கும் அவர்களைச் சினமுறச் செய்திருந்தன. மாலிகீ ஃபுகஹாக்களுள் சிலரும் அக்கிளர்ச்சியில் தொடர்புடையோராகக் கருதப்பட்டனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் ‘முவத்தா’வை மேற்கு நாடுகளில் பரப்பிய யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ அவர்களும் குர்துபாவை விட்டு வெளியேறிப் பின்னரே மன்னிப்புப் பெற்றார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, புறநகர் தரைமட்டமாக்கப்பட்டது, எஞ்சிய மக்கள் நாடு கடத்தப்பட்டனர். ‘ஹகம் அர்ரபளீ’ என்ற பெயர் அந்த அமீருடன் ஒட்டிக்கொண்டது.

வெளியேறியவர்களுள் ஒரு சாரார் ஃபாஸ் நகரில் குடியேறினர். அங்கே ‘உந்துலுஸியர் கரை’ எனும் பகுதி அவர்களால் பெயர் பெற்றது. மற்றொரு சாரார் கடலோடி எகிப்தின் இஸ்கந்தரிய்யாவை அடைந்து, அங்கு நிலவிய குழப்பத்தில் அந்நகரைத் தம் வசமாக்கிக்கொண்டனர். கலீஃபா மஃமூனின் தளபதி அப்துல்லாஹ் இப்னு தாஹிர் ஹி. 212இல் (கி.பி. 827) அவர்களை அங்கிருந்தும் வெளியேறச் செய்தார். ஆக, இருமுறை வெளியேற்றப்பட்டவர்களே கிரீட்டில் கரையிறங்கியவர்கள். இருமுறையும் வெளியேற்றியவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களே. இதனை நாம் மறைத்தற்கில்லை.

அவர்களின் தலைவர் அபூ ஹஃப்ஸ் உமர் அல்பல்லூத்தீ. குர்துபாவுக்கு வடக்கே உள்ள ‘ஃபஹ்ஸுல் பல்லூத்’ எனும் நிலப்பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையின் பெயரைச் சிலர் ஷுஐப் என்பர். பலாதுரீ ஈஸா என்கிறார். கரையிறங்கிய ஆண்டு பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. 824ஐ ஒட்டி எனச் சிலரும், 827ஐ ஒட்டி எனச் சிலரும் கொள்வர். அவர் தம் கப்பல்களுக்குத் தாமே தீயிட்டார் என்றும், மனைவி மக்களை எண்ணி அழுதவர்களிடம் இத்தீவே இனி நம் தாயகம் என்றார் என்றும் ஒரு கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் சொல்கின்றனர். தாரிக் இப்னு ஸியாத் பற்றி வழங்கும் கதையை அது பெரிதும் ஒத்திருத்தலின் ஆய்வாளர் அதனை ஐயத்துடனேயே நோக்குவர். கதை எவ்வாறாயினும், திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஊர் இல்லை என்பது மெய்.

அவ்வரசு ஏறத்தாழ 135 ஆண்டுகள் நிலைத்தது. அதன் அமீர்களின் வரிசையை நாம் அறிவது பெரும்பாலும் அவர்கள் அச்சிட்ட நாணயங்களைக் கொண்டே. ஜார்ஜ் மைல்ஸ் என்னும் அமெரிக்க நாணயவியலாளர் 1970இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வழிவகுத்தது. இக்ரீத்திஷீ என்னும் நிஸ்பத்துடன் ஹதீஸ் அறிவிப்பாளர்களும் இருந்தமையை யாகூத் குறிப்பிடுகிறார். குஸ்தந்தீனிய்யாவின் பேரரசு 843, 911, 949 ஆம் ஆண்டுகளில் தீவை மீட்க அனுப்பிய படைகள் பயன் தரவில்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எம் வகுப்பறையில் இவ்வரலாற்றைப் பல்லாண்டுகள் அபூ ஹஃப்ஸின் வெற்றியோடு முடித்து வந்தோம். மாணவர் மகிழ்வர், நாமும் மகிழ்வோம். ஆனால் அவ்வரசின் கப்பல்கள் ஏஜியன் கடலின் சிறு தீவுகளைச் சூறையாடி வந்ததையும், 904இல் தெஸலோனிக்கா நகரம் கொள்ளையிடப்பட்டபோது பிடிபட்ட மக்களுள் பலர் இக்கரையில்தான் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்பதையும் சொல்லாது விட்டோம். ஊரிழந்தவர்கள் பிறரை ஊரிழக்கச் செய்தனர். இதனைச் சொல்லாதவன் வரலாற்றைப் பாதி மறைத்தவனாவான்.

முடிவு ஹி. 350 முஹர்ரமில் (கி.பி. 961 மார்ச்) வந்தது. தளபதி நிகிஃபோரஸ் ஃபோகாஸ் முந்திய ஆண்டுக் கோடை தொட்டு நகரை முற்றுகையிட்டிருந்தார். கந்தக்கின் மக்கள் உதவி வேண்டி முஸ்லிம் நாடுகளுக்குத் தூதனுப்பினர். வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமீ கலீஃபா முஇஸ்ஸும், எகிப்தில் இக்ஷீதியரும் ஆண்டுவந்த காலம் அது. ஒருவரையொருவர் நம்பாத இரு அரசுகள். கூட்டாகக் கப்பற்படை அனுப்பலாம் என்று கடிதம் எழுதப்பட்டது. கப்பல்கள் கூடுமுன் நகரம் வீழ்ந்தது. கொலையும் சிறைபிடிப்பும் நிகழ்ந்தன. மதில்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டன. அமீர் அப்துல் அஸீஸ் குடும்பத்துடன் குஸ்தந்தீனிய்யாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு அவருக்கு நிலம் கொடுத்து மதிப்புடன் நடத்தினர். மதம் மாற இசையாமையால் உயர்பதவி மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய மகன் நுஃமான், கிரேக்கர் நாவில் ‘அனெமாஸ்’, அதே பேரரசின் படையில் சேர்ந்து 971இல் ரூஸியருக்கு எதிரான போரில் மாண்டார். ஒரே தலைமுறையில் எத்துணை மாற்றம்!

எனவே முதல் நாளில் அரபுக் காலத்துக் கட்டடம் எதையும் எதிர்பார்க்க வேண்டா. கண்ணுக்குத் தெரிவன பிற்காலத்தவை: வெனிஸ் நகரத்தார் எழுப்பிய பெருமதிலும், கடலோரக் கோட்டையும். துருக்கியர் வைத்த ‘கூலெஸ்’ என்ற பெயரே அக்கோட்டைக்கு இன்றும் வழங்குகிறது. நகரின் தெற்கே ஐந்து கிலோமீட்டர் அளவில் க்னோஸோஸ் அரண்மனை உள்ளது. ஆர்தர் எவான்ஸ் 1900 முதல் அகழ்ந்து வெளிப்படுத்திய அது, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட மினோவ நாகரிகத்தின் எச்சம். பிள்ளைகள் அதனை அவசியம் காண வேண்டும். முன்சென்ற சமூகங்களின் முடிவைப் பூமியில் பயணம் செய்து காணுமாறு திருமறை பல இடங்களில் அழைப்பது நம்மவர் சுவடுகளை மட்டும் கருதியன்று.

மாலையில் புனித தீத்தோஸ் தேவாலயத்துக்குச் செல்லலாம். 1669க்குப் பின் அவ்விடம் வஸீர் பள்ளிவாசலாக இருந்தது. 1856 நிலநடுக்கத்தில் இடிந்தபின் பள்ளிவாசலாகவே மீளக் கட்டப்பட்டது. 1925இல் தேவாலயமாக அர்ப்பணிக்கப்பட்டது. மினாரா நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது வழிபாடு நடக்கும் இடம். உள்ளே செல்பவர் குரலைத் தாழ்த்திச் செல்லட்டும்.

இரண்டாம் நாள்: இரு காலத்துக் குவிமாடம்

ரெதிம்னோ சிறிய நகரம். அதன் குறுகிய தெருக்களில் மரத்தாலான உஸ்மானியக் கால முகப்புகளும் கல்லாலான வெனிஸ் வாயில்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘நெரட்சே’ பள்ளிவாசல் முன்பு ஒரு கிறிஸ்தவ மடத்தின் தேவாலயம். துருக்கியர் காலத்தில் காஸி ஹுஸைன் பாஷாவின் பள்ளிவாசலாயிற்று. பின்னர் இசைக்கூடமாகப் பயன்பட்டது. அதன் உயர்ந்த மினாரா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. நகருக்கு மேலே கோட்டைக்குள் சுல்தான் இப்ராஹீம் பள்ளிவாசலின் பெருங்குவிமாடம் தனித்து நிற்கிறது. அதுவும் ஒரு பேராலயம் இருந்த இடமே.

இங்கு உஸ்மானியர் வரவைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1645இல் ஹானியாவும், 1646இல் ரெதிம்னோவும் அவர்கள் வசமாயின. கந்தியா மட்டும் 1648 முதல் 1669 வரை இருபத்தொரு ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கி நின்றது. உலக வரலாற்றின் மிக நீண்ட முற்றுகைகளுள் அது ஒன்று. கோப்ருலு ஃபாஸில் அஹ்மத் பாஷாவிடம் நகரை ஒப்படைத்து வெனிஸ் தளபதி மொரோசினி கப்பலேறியபோது, நகரில் எஞ்சியிருந்த கிறிஸ்தவ மக்களும் ஏறத்தாழ அனைவரும் உடன் வெளியேறினர். மீண்டும் ஒரு வெளியேற்றம்!

மூன்றாம் நாள்: பேச்சும் மார்க்கமும்

ஹானியாவின் பழந்துறைமுகத்தில் நீரோரமாகப் பல சிறு குவிமாடங்கள் சூழ ஒரு பெருங்குவிமாடத்துடன் நிற்பது குச்சுக் ஹஸன் பாஷா பள்ளிவாசல். மினாரா இல்லை, தொழுகையும் இல்லை. கண்காட்சிகள் நடத்தும் இடமாக அது பயன்பட்டு வந்துள்ளது. சற்றுத் தள்ளி ஸ்பிளான்ஸியா சதுக்கத்தில் புனித நிக்கோலாஸ் தேவாலயம். வெனிஸ் காலத்தில் தேவாலயம், உஸ்மானியர் காலத்தில் பள்ளிவாசல், மீண்டும் தேவாலயம். அதன் ஒரு பக்கம் மணிக்கூண்டு, மறுபக்கம் மினாரா. இரண்டும் இன்றும் நிற்கின்றன. மூன்று நாட்களில் ஒரே ஓர் இடத்தைத்தான் காண முடியும் என்றால் இதனையே காண்க என எம் மாணவருக்கு எழுதினோம்.

காரணம் சொல்வோம். உஸ்மானியர் காலத்துக் கிரீட் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் துருக்கியிலிருந்து வந்தவர் அல்லர். இஸ்லாத்தை ஏற்ற தீவின் மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. அவர்களின் வீட்டு மொழி கிரேக்கம். தாலாட்டும் ஒப்பாரியும் கிரேக்கம். ஈரடிப் பாடல்களான ‘மந்தினாதா’க்களை அண்டை வீட்டுக் கிறிஸ்தவரைப் போலவே அவர்களும் பாடினர். கிரேக்கம் வழங்கிய முஸ்லிம் சூழல்களில் அம்மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் இருந்தது. மவ்லானா ரூமியின் மைந்தர் சுல்தான் வலத் அவ்வாறு எழுதிய கிரேக்கச் செய்யுள்கள் உள்ளன. அரபுத் தமிழில் ஓதி வளர்ந்த நமக்கு இது வியப்பான செய்தியன்று. நம் பாட்டிமார் வீட்டுப் பெட்டியில் இருந்த கிதாபுகளே இதற்குச் சான்று.

1881 கணக்கெடுப்பில் தீவின் மக்களுள் நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அதன்பின் வந்த ஆண்டுகள் கொடியவை. 1897இல் கிழக்கே சித்தியா வட்டாரத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1898இல் கந்தியாவில் முஸ்லிம் கும்பல் கிறிஸ்தவர்கள் பலரையும், அவர்களுடன் பிரிட்டிஷ் படையினர் சிலரையும் கொன்றது. அவ்வாண்டே உஸ்மானியப் படை தீவை விட்டு அகற்றப்பட்டது. 1913இல் கிரீட் கிரேக்க நாட்டுடன் இணைந்தது. இறுதியாக 1923 ஜனவரி 30 அன்று லோஸான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், கிரேக்க நாட்டு முஸ்லிம்களையும் துருக்கி நாட்டுக் கிரேக்கத் திருச்சபையினரையும் கட்டாயமாக இடம் மாற்றியது. ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்களும் மூன்றரை முதல் நான்கு இலட்சம் முஸ்லிம்களும் அதற்கு ஆட்பட்டனர். மேற்குத் திரேஸ் முஸ்லிம்களும் இஸ்தன்பூல் கிரேக்கரும் விலக்குப் பெற்றனர். ரோட்ஸ், கோஸ் தீவுகள் அப்போது இத்தாலியின் வசம் இருந்தமையால் அங்குள்ள முஸ்லிம்கள் தப்பினர்.

அவ்வொப்பந்தம் மொழியைக் கேட்கவில்லை. பிறந்த மண்ணைக் கேட்கவில்லை. மார்க்கம் ஒன்றையே கேட்டது. கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம், ‘துருக்கியன்’ என்று அயிவலிக்கும் மெர்ஸினுக்கும் அனுப்பப்பட்டான். துருக்கி மொழி மட்டுமே பேசிய கரமான் கிறிஸ்தவன், ‘கிரேக்கன்’ என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டான். புதிய ஊரில் இருவரின் பேச்சையும் அண்டை வீட்டார் ஏளனம் செய்தனர். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் காலத்தில், 1897ஐ ஒட்டி வெளியேறிய கிரீட் முஸ்லிம்கள் சிலர் சிரியாவின் கடற்கரையில் ஹமீதிய்யா எனும் ஊரில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் நூறாண்டு கழிந்தும் தம் வீடுகளில் கிரீட் கிரேக்கத்தையே பேசி வந்தனர்.

ஒரு மனிதனின் மார்க்கத்தைக் கொண்டு அவனுடைய மண்ணையும் மொழியையும் முடிவு செய்யும் வழக்கு எவ்வளவு பொய்யானது என்பதை உணரத் தமிழ் முஸ்லிம்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. தமிழில் பேசித் தமிழில் அழுது அரபியில் தொழுபவர் நாம். இவ்விரண்டுள் ஒன்றை விட்டுவிடு என எவரேனும் சொன்னால் நம் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதைக் கொண்டு, ஹானியாத் துறைமுகத்தில் கப்பலேறிய அம்மக்களின் நிலையை அளந்துகொள்ளலாம்.

மாணவருக்கு எழுதிய விடை

"நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா?" எனும் கேள்விக்கு இறுதியில் இவ்வாறு எழுதினோம்:

‘அன்புத் தம்பி, அங்குள்ள கட்டடம் எதுவும் நம்முடையதன்று. பள்ளிவாசலாக இருந்த தேவாலயத்தின் முன் நின்று பெருமூச்செறிபவர், அது பள்ளிவாசலாவதற்கு முன்பு தேவாலயமாக இருந்ததை எண்ணிப் பார்க்கட்டும். குர்துபாவில் தொடங்கி 1923 வரை இத்தீவின் கதை, வெளியேற்றப்பட்டோரும் வெளியேற்றியோரும் மாறி மாறி இடம் கொண்ட கதை. இரு பக்கத்திலும் முஸ்லிம்கள் இருந்திருக்கின்றனர். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். வெற்றியை மட்டும் சொன்னால் அவர்கள் செருக்குக் கொள்வர். இழப்பை மட்டும் சொன்னால் வன்மம் கொள்வர். மணிக்கூண்டும் மினாராவும் ஒருங்கே நிற்கும் அச்சதுக்கத்தில் ஒரு மர நிழலில் அமர்ந்து, கிரேக்கத்தில் பேசிய நம் சகோதரர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். ஹந்தகோஸ் தெருப்பலகையைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஊரிழந்து வந்தவர்கள் வெட்டிய அகழி தூர்ந்துவிட்டது; அச்சொல் மட்டும் அங்கே தங்கியிருக்கிறது.’

அவர் இன்னும் புறப்படவில்லை. செப்டம்பரில் செல்வதாக எழுதியுள்ளார். எம் வகுப்பிலோ இவ்வாண்டு முதல் இக்ரீத்திஷ் பாடம் அபூ ஹஃப்ஸின் வெற்றியோடு முடிவதில்லை. லோஸான் வரை சென்றே நிறுத்துகிறோம். ஒரு மணி நேரப் பாடம் இரண்டு மணி நேரமாகிறது. மாணவர்கள் முன்போல மகிழ்வதில்லை, ஆனால் கேள்வி கேட்கிறார்கள்.

அல்லாஹ் நம் பார்வையை விரிவாக்கியருள்வானாக! உண்மையை நன்கறிந்தவன் அவன் ஒருவனே.